தொலைநோக்கி கொள்வோர்க்கு

விண்ணை அண்ணாந்து நோக்கி மகிழும் வழக்கம் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. கார்த்திகையை அறுமீன் என்றும், வடவானில் தோன்றும் ஏழு மீன்களின் தொகுதியை எழுமீன் என்றும், அவற்றுள் ஒன்றன் அருகே மங்கி ஒளிரும் அருந்ததியை வடமீன் என்றும், மெல்ல நகரும் சனியை மைம்மீன் என்றும் பண்டையோர் பெயரிட்டு வழங்கினர். திங்களின் வளர்வையும் தேய்வையும் கோள்களின் போக்கையும் கணித்துக் காலத்தை வகுத்தனர். இவையனைத்தும் வெறுங்கண் கொண்டு கண்டவையே. எனினும், எத்துணைக் கூரிய கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. சனியைச் சூழ வளையம் உண்டென்பதையும், வியாழனைச் சுற்றித் திங்கள்கள் உலவுகின்றன என்பதையும், பால்போல் வெளுத்துத் தோன்றும் வான்வழி எண்ணிறந்த மீன்களின் கூட்டமே என்பதையும் காண்பதற்குக் கண்ணுக்கு ஒரு துணை வேண்டியிருந்தது. அத்துணைக்கருவி 1608 ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் வெளிப்பட்டது. அதுவே தொலைநோக்கி.

அடுத்த ஆண்டில் இத்தாலி நாட்டுக் கலிலியோ அக்கருவியைப் பற்றிய செய்தி கேட்டுத் தாமே ஒன்றைச் செய்தார். பின்னர் அதனைத் திருத்தித் திருத்தி, இருபது மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியாக்கினார். அதன் முன்வில்லை இரண்டங்குல அகலமும் இல்லாதது. அக்காலத்துக் கண்ணாடியில் குமிழிகளும் பசுமைச் சாயலும் மிகுதி. அத்தகைய கருவியைக் கொண்டு அவர் கண்டவை உலகின் எண்ணத்தையே மாற்றின. இன்று பள்ளி மாணவன் ஒருவன் கடையில் வாங்கும் நல்ல சிறு தொலைநோக்கி, வில்லையின் தெளிவில் கலிலியோவின் கருவியை விஞ்சுவது. ஆயினும், வாங்கியோர் பலர் இரண்டு மூன்று இரவுகள் முயன்று, ஒன்றும் புலப்படாமல் மனம் சலித்து, கருவியைப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். அவர்தம் ஆர்வமும் அதனுடன் பரணேறிவிடுகின்றது. பெற்றோர் அரிதின் ஈட்டிய பொருளும் வீணாகின்றது. எதனைக் கொள்வது, கொண்டதனை எவ்வாறு கையாள்வது என்னும் இரண்டையும் அவர்க்கு எவரும் எடுத்துரையாமையே இதற்குக் காரணம்.

கடையில் தொலைநோக்கி கேட்கும் மாணவன் கண்ணில் முதலிற் படுவது, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஓர் எண். '525 மடங்கு பெருக்குவது' என்று அது முழங்கும். பெட்டியின் புறத்தே சனியின் வளையமும் செந்நிற வான்முகிலும் பல வண்ணங்களில் பொலியும். அப்படங்கள் பெருங்கருவிகளால் எடுக்கப்பட்டவை. பெட்டியினுள் உறங்கும் குழலால் காணப்பட்டவை அல்ல. எண்ணோ கணக்கிற் பிழையற்றது; ஆனால் பயனற்றது. அவ்வெண் பிறக்கும் வகையை அறிந்தால் அதன் பயனின்மை விளங்கும்.

தொலைநோக்கியின் முன்புறத்தில் அமைந்த பெரிய வில்லைக்குப் பொருளருகு வில்லை என்பது பெயர். அது தொலைவிலுள்ள பொருளின் ஒளியைத் திரட்டி ஓரிடத்தில் குவித்துச் சிற்றுருவம் ஒன்றை அமைக்கின்றது. வில்லைக்கும் அவ்வுருவத்திற்கும் இடைப்பட்ட தூரம் குவியத்தூரம். அவ்வுருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது, கண்ணை வைத்து நோக்கும் இடத்திலுள்ள கண்ணருகு வில்லை. முன்னதன் குவியத்தூரத்தைப் பின்னதன் குவியத்தூரத்தால் வகுத்து வரும் ஈவே உருப்பெருக்கம். 700 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள குழலில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் 28 மடங்கு பெருகும். 10 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 70 மடங்கு. 4 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினால் 175 மடங்கு. இடையே மும்மடங்கு பெருக்கும் பார்லோ வில்லை என்னும் துணைவில்லை ஒன்றையும் செருகிவிட்டால் அந்த 175 மும்மடங்காகி 525 ஆகும். இவ்வாறு ஒரு சிறு வில்லையை மாற்றி எந்தக் குழலிலும் எந்த எண்ணையும் வருவித்துக் கொள்ளலாம். ஆகலின், அவ்வெண்ணைக் கொண்டு குழலின் தகுதியை அளத்தல் பொருந்தாது.

தொலைநோக்கியின் தலையாய தொழில் ஒளியைத் திரட்டுதல். மழை பெய்யும்போது முற்றத்தில் வாய் குறுகிய செம்பு ஒன்றையும் வாய் அகன்ற அண்டா ஒன்றையும் வைத்தால், ஒரே நாழிகையில் எதனுள் மிக்க நீர் திரளும் என்று எவரையும் கேட்க வேண்டுவதில்லை. விண்மீனின் ஒளியும் மழைபோல் நிலமெங்கும் வீழ்கின்றது. இருளில் நன்கு விரிந்த இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விட்டமுடையது; அதனுள் புகும் ஒளியே கண்ணுக்குக் கிடைப்பது. 70 மில்லிமீட்டர் வில்லை அதனினும் விட்டத்தில் பத்து மடங்கு பெரியது. பரப்பில் நூறு மடங்கு. ஆதலின் அது கண்ணைப்போல் நூறு மடங்கு ஒளியைத் திரட்டிக் கண்ணுக்குள் செலுத்துகின்றது. 114 மில்லிமீட்டர் விட்டமாயின் ஏறக்குறைய 265 மடங்கு. 150 மில்லிமீட்டராயின் 460 மடங்கு. சவ்வாது மலையில் காவலூர் என்னும் ஊரில் வைணு பாப்பு என்னும் வானியலறிஞரின் பெயர் தாங்கிய வானாய்வு நிலையம் உள்ளது. அங்கு 1986 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய பெருந்தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டமுடையது. அது கண்ணைப்போல் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட மடங்கு ஒளியைத் திரட்ட வல்லது. அறிஞர் தலைமுறைதோறும் அரும்பாடுபட்டுத் தேடியது இத்தகைய வாய் அகலத்தையே. ஆதலின், கடைக்காரரிடம் மாணவன் முதலிற் கேட்க வேண்டுவது, "இதன் வாய் அகலம் எத்தனை மில்லிமீட்டர்?" என்பதாம்.

திரண்ட ஒளி சிறிதாயிருக்கப் பெருக்கத்தை மட்டும் கூட்டினால் உருவம் மங்கிக் குழம்பும். ஒரு கரண்டி மாவைப் பெருங்கல் முழுதும் இழுத்துத் தேய்த்தால் தோசை ஆங்காங்கே கிழிவது போன்றது இது. வாய் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து இரண்டால் பெருக்கி வரும் எண்ணே பயனுள்ள பெருக்கத்தின் மேலெல்லை என்பது பட்டறிவால் அமைந்த விதி. 60 மில்லிமீட்டர் குழலுக்கு 120 மடங்கே எல்லை. பெட்டியின்மேல் 525 என்று முழங்கும் குழல் பெரும்பாலும் இந்த 60 மில்லிமீட்டர் குழலாகவே இருக்கும்! அந்த எல்லையையும் எல்லா இரவிலும் எட்ட இயலாது. எரியும் அடுப்பின்மேல் எழும் காற்றினூடே எதிர்ச்சுவரை நோக்கினால் சுவர் நெளிவதுபோல் தோன்றும். நிலவுலகைப் போர்த்திய காற்றும் அவ்வாறே எப்போதும் சலித்துக்கொண்டிருக்கின்றது. பெருக்கம் கூடக்கூட அச்சலனமும் பெருகித் தோன்றும். பழகிய வானாய்வாளர் பெரும்பாலான காட்சிகளை முப்பதிலிருந்து நூறு மடங்குக்குள்ளேயே கண்டு இன்புறுகின்றனர்.

தொலைநோக்கிகள் இருவகைப்படும். முன்வில்லையால் ஒளியைக் குவிப்பது வில்லைத் தொலைநோக்கி. குழலின் அடியிலுள்ள குழியாடியால் ஒளியைக் குவிப்பது ஆடித் தொலைநோக்கி. ஒற்றை வில்லை வெண்ணிற ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து, ஒளிமிக்க பொருள்களைச் சுற்றி நிறக்கரை கட்டிவிடும். இக்குறையை நீக்கக் கருதியே நியூட்டன் 1668 ஆம் ஆண்டில், ஏறக்குறைய ஆறங்குல நீளமே உடைய முதல் ஆடித் தொலைநோக்கியைச் செய்தார். பின்னர் இருவேறு கண்ணாடிகளாலான வில்லைகளை இணைத்து நிறக்கரையைப் பெரிதும் குறைக்கும் முறை தோன்றியது. இக்காலத்து நல்ல சிறு வில்லைத் தொலைநோக்கிகள் அம்முறையில் அமைந்தவை. ஆடியின் சிறப்பு யாதெனில், ஒரே விலைக்கு வில்லையினும் அகன்ற வாய் கிடைக்கும் என்பது. இசைவாணராய் இங்கிலாந்தில் வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷெல் தம் கையாலேயே ஆடிகளைத் தேய்த்து மெருகிட்டார். அவ்வாறு செய்த, ஆறங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட ஆடியைக் கொண்டு 1781 மார்ச் 13 ஆம் நாள் யுரேனசு என்னும் புதுக்கோளைக் கண்டார். அவர் அந்நாளில் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இசை கற்பித்துப் பிழைத்தவர். அவர் கையாண்ட ஆடியின் அளவு, இன்று மாணவர் வாங்கக்கூடிய அளவினதே. ஆனால் ஆடித் தொலைநோக்கிக்கு ஒரு பணி மிகுதி: ஆடிகள் நேர்மை பிறழ்ந்தால் திருகாணிகளைத் திருப்பி அவற்றைச் சீராக்கப் பயிலுதல் வேண்டும். அதற்கு அஞ்சுவோர் வில்லைத் தொலைநோக்கியையே கொள்க.

ஆடித் தொலைநோக்கி வாங்குவோர் ஒன்றில் விழிப்பாயிருத்தல் நன்று. சில மலிவான கருவிகளில் குழல் அரை மீட்டர் நீளமும் இராது. பெட்டியின்மேலோ குவியத்தூரம் 1000 மில்லிமீட்டர் என்றிருக்கும். கண்ணருகு வில்லை பொருந்தும் இடத்தில் ஒரு துணைவில்லையை மறைவாக வைத்து அத்தூரத்தை வருவித்திருப்பர். முன்னும் பின்னும் செம்மையாகச் செய்த உயர்ந்த கருவிகளிலும் குறுங்குழல் உண்டென்பது மெய்யே. ஆனால் அவற்றின் விலை வேறு. மலிவும் குறுமையும் ஒருங்கே கூடியவிடத்து ஐயுறுதல் தக்கது.

இனி, வாங்குவோர் எவரும் கருதாத உறுப்பு ஒன்றுண்டு. அது குழலைத் தாங்கும் கால். எவ்வளவு நல்ல வில்லையாயினும், காற்றில் ஆடும் மெல்லிய முக்காலியின்மேல் ஏறிவிட்டால் பயன் தாராது. நூறு மடங்கு பெருக்கும் குழல் நடுக்கத்தையும் நூறு மடங்கு பெருக்கும். விரலால் தொட்ட அளவில் வியாழன் துள்ளிக் குதித்து, அடங்கப் பத்து நொடி செல்லுமாயின் காண்பது எங்ஙனம்? கடையிலேயே குழலை மெல்லத் தட்டிப் பார்த்து, இரண்டு மூன்று நொடிக்குள் அசைவு நிற்கின்றதா என்று அறிந்த பின்னரே பொருள் கொடுத்தல் வேண்டும்.

தாங்கியின் வகையை ஆராயுமிடத்து, தமிழ்நாட்டார்க்குச் சிறப்பாக உரியதொரு செய்தி உண்டு. நிலவுலகின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தும் தாங்கி, ஒரே அச்சில் திருப்பினால் விண்மீனைப் பின்தொடரும். அதனைத் தன் ஊரின் அகலாங்குக்கு ஏற்பச் சாய்த்தல் வேண்டும். ஐரோப்பியர்க்கு அச்சாய்வு ஐம்பது பாகை அளவினது. சென்னைக்கோ பதின்மூன்று பாகை. குமரிமுனைக்கு எட்டுப் பாகையே. வடநாடுகளைக் கருதிச் செய்த சிறு தாங்கிகளுட் சில அத்துணைத் தாழச் சாயமாட்டா. அன்றியும், அவற்றைச் சீர் செய்யக் காட்டும் துருவமீன் இங்குத் தொடுவானத்தை ஒட்டி, மரங்களுக்கும் வீடுகளுக்கும் பின்னே மறைந்து கிடப்பது. ஆதலின் மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே திரும்பும் எளிய தாங்கியே தொடக்கத்தார்க்கு ஏற்றது.

அவ்வெளிய வகையுள் தலைசிறந்தது டாப்சன் தாங்கி. ஜான் டாப்சன் என்பவர் 1944 முதல் 1967 வரை கலிபோர்னியாவில் இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த துறவியாய் இருந்தவர். கையில் காசில்லை, ஆனால் எல்லா மக்களும் விண்ணைக் காணவேண்டும் என்னும் வேட்கை மட்டும் மிகுதி. கப்பலின் பக்கச் சாளரத்திலிருந்து கழித்த தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயைக் குழலாக்கினார். ஒட்டுப்பலகைப் பெட்டியைத் தாங்கியாக்கினார். தரையில் அமர்ந்து எளிதில் சுழலும் அப்பெட்டி ஆடாது, அசையாது. மடத்தை விட்டு வந்த பின் சான் பிரான்சிஸ்கோ நகரத் தெருவோரங்களில் கருவியை நிறுத்தி, வழிச்செல்வோரை அழைத்துத் திங்களையும் சனியையும் காட்டினார். 2014 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் வகுத்த முறைக்கு அவர் உரிமைப்பணம் கொண்டாரல்லர். ஆகவே உலகெங்கும் அம்முறை பரவியது. நல்ல ஆடி ஒன்று கிடைக்குமாயின், தச்சு வேலை அறிந்த மாணவர் பள்ளியிலேயே அத்தாங்கியைச் செய்துகொள்ளலாம்.

எதனைத்தான் வாங்குவது? வானில் மீன்கூட்டங்களை இன்னும் அறியாத மாணவன் தொலைநோக்கியே வாங்காமல், முதலில் 7x50 அல்லது 10x50 என்று குறித்த பைனாகுலர் ஒன்றைக் கொள்வது அறிவுடைமை. இவ்வெண்களுள் முன்னது பெருக்கம். பின்னது வாய் அகலம். அதனைச் சுவரிலோ தூணிலோ சாய்ந்து நிலையாகப் பிடித்தால் வியாழனின் திங்கள்களும் தெரியும். வான்மேடை பழகிய பின், இடம் குறுகிய வீட்டார்க்கு 70 அல்லது 80 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கியும், மொட்டைமாடியோ முற்றமோ உடையார்க்கு 114 முதல் 150 மில்லிமீட்டர் வரையுள்ள டாப்சன் கருவியும் தகும். இவற்றினும் பெரியது கொள்ள வேண்டுவோர் முன்னர் அதனைத் தூக்கிப் பார்த்தல் நலம். தூக்க இயலாத பெருங்கருவியினும் நாள்தோறும் வெளியே வரும் சிறு கருவியே மிகுதியாகக் காட்டும். கண்ணருகு வில்லைகள் இரண்டு போதும். ஏழெட்டு வில்லைகள் கொண்ட பேழை வேண்டா.

கருவியைக் கையில் எடுக்குமுன் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. தொலைநோக்கியாலோ பைனாகுலராலோ ஞாயிற்றை ஒருகாலும் நோக்கலாகாது. கண்ணைப்போல் நூறு மடங்கு ஒளியையும் வெப்பத்தையும் திரட்டும் கருவி, இமைப்பொழுதில் விழித்திரையைச் சுட்டுவிடும். விழித்திரைக்கு வலியுணர்ச்சி இல்லை. ஆதலின் பார்வை போனபின்னரே போயிற்றென்று தெரியும். போன பார்வை மீளாது. சில மலிவான பெட்டிகளில் கண்ணருகு வில்லையின்மேல் திருகும் கருநிறக் கண்ணாடி ஒன்று இருக்கும். குவிந்த வெப்பத்தால் அது திடீரென்று வெடித்துவிடக் கூடும். அதனை அன்றே உடைத்து எறிந்துவிடுதல் வேண்டும். ஞாயிற்றின் கரும்புள்ளிகளைக் காண விரும்பும் மாணவர், கலிலியோவின் மாணாக்கர் காஸ்டெல்லி கண்ட முறையைப் பின்பற்றலாம். சிறு வில்லைத் தொலைநோக்கியை, அதன் நிழல் மிகச் சுருங்கும் நிலையைக் கொண்டே ஞாயிற்றின்பால் திருப்பி, கண்ணருகு வில்லைக்குப் பின்னே ஒரு சாணளவு தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்தால் அதன்மேல் ஞாயிற்றின் உருவம் விழும். அப்போது வழிகாட்டிக் குழலின் வாயை மூடிவிடுவதும், ஆசிரியர் ஒருவர் உடனிருந்து எவரும் குழலில் கண் வையாதவாறு காப்பதும் கட்டாயம்.

கருவியைப் பயன்படுத்தும் வேலை பகலிலேயே தொடங்குகின்றது. பெருங்குழலின்மேல் சிறு வழிகாட்டிக் குழல் ஒன்று இருக்கும். ஞாயிறு இல்லாத திசையில், தொலைவிலுள்ள கோபுரக் கலசத்தையோ பனையின் உச்சியையோ பெருங்குழலின் நடுவில் கொணர்ந்து, அதே பொருள் வழிகாட்டிக் குழலின் குறுக்குக் கோட்டிலும் அமையுமாறு திருகாணிகளைத் திருத்துக. இதனைச் செய்யாமையே முதலிரவில் பலர் திங்களையும் காணாது திகைப்பதன் காரணம். கலசம் தலைகீழாகத் தோன்றினால் அஞ்ச வேண்டா. வானத்தில் மேல் கீழ் என்பது இல்லை.

மாலையில் கருவியை அரைமணி முன்னதாகவே வெளியே வைத்துவிடுதல் நலம். வெப்பம் அடங்காத ஆடியும் குழலினுள் சுழலும் காற்றும் உருவத்தை நெளியச் செய்யும். குளிர்பதன அறையிலிருந்து எடுத்து வந்தாலோ, கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றால் வில்லை உடனே பனித்துவிடும். துடைக்க முயலாமல் தானே உலர விடுக. எந்தப் பொருளைத் தேடும்போதும் பெருக்கம் குறைந்த கண்ணருகு வில்லையையே முதலில் இடுதல் வேண்டும். 28 மடங்கில் மூன்று முழுத்திங்களை அடுத்தடுத்து வைத்தாற் கொள்ளும் அளவு வானம் தெரியும். 100 மடங்கில் ஒரு திங்களுக்கே இடம் போதும் போதாதென்றாகும். அன்றியும், நிலவுலகின் சுழற்சியால் விண்மீன்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். 100 மடங்கில் நடுவில் நிறுத்திய மீன் ஒரு நிமிடத்தில் விளிம்பை அடைந்து மறையும். நண்பனைக் கூவி அழைத்து அவன் வருவதற்குள் கோள் போய்விட்டிருக்கும்! அதனைச் சற்று முன்னே நிறுத்திவிட்டு அழைப்பது பழகியவர் செய்யும் உபாயம்.

கண்ணையும் பழக்க வேண்டும். விளக்கொளியிலிருந்து வந்த கண் இருளுக்கு முழுதும் பழக இருபது முப்பது நிமிடம் செல்லும். இடையே ஒரு நொடி கைப்பேசியின் ஒளியைக் கண்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. படம் பார்த்துத் தேடுவோர் விளக்கைச் சிவப்புத் தாளால் மூடிக்கொள்வர். மங்கலான பொருளை நேரே உறுத்து நோக்கினால் அது மறையும். சற்றே ஓரமாய் நோக்கினால் வெளிப்படும். விழியின் நடுவிடத்தினும் ஓரப்பகுதி மெல்லொளியை நன்கு உணர வல்லதாதலே காரணம்.

முதற்காட்சிக்கு ஏற்றது திங்கள். ஆனால் பௌர்ணமித் திங்கள் அன்று. அந்நாளில் ஞாயிற்றின் ஒளி நேரே விழுவதால் நிழலே இராது. திங்கள் வெள்ளித்தட்டுப்போல் தட்டையாய்க் கண் கூசும். வளர்பிறை ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஓடும் எல்லைக்கோட்டை நோக்குக. அங்கு மலைகளின் நிழல் நீண்டு கிடக்கும். வட்டக் குழிகளின் ஒரு கரை ஒளிர, மறுகரை இருளில் அமிழ்ந்திருக்கும். இருட்பகுதியினுள்ளே தனித்து மின்னும் ஒளிப்பொட்டுக்கள் தெரியும். அவை விடியலின் முதற்கதிர் தீண்டிய மலைமுடிகள். ஒரு மணிநேரம் காத்திருப்பின் அப்பொட்டுக்கள் வளர்வதையும் காணலாம்.

சனியின் வளையம் காண்போரை வியக்கச் செய்யும். முப்பது மடங்கு பெருக்கத்திலேயே கோள் உருண்டையாய் இராது நீண்டு தோன்றும். அறுபது எழுபது மடங்கில் வளையம் விலகி நிற்பது தெரியும். 1610 ஆம் ஆண்டு கலிலியோ இதனைக் கண்டபோது, பெரியதொரு கோளின் இருபுறமும் இரு சிறு கோள்கள் ஒட்டியிருப்பதாகவே கருதினார். 1612-இல் அவை மறைந்துபோகக் கண்டு திகைத்தார். அவை கோள்கள் அல்ல, எங்கும் கோளைத் தொடாத மெல்லிய தட்டை வளையமே என்று டச்சு அறிஞர் ஹைகன்ஸ் 1659-இல் நூலெழுதி விளக்கினார். வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்புங்கால் அது மெலிந்து மறைகின்றது. சனி ஞாயிற்றை ஒருமுறை சுற்றும் இருபத்தொன்பதரை ஆண்டில் இவ்வாறு இருமுறை நிகழும். 2025 மார்ச்சு மாதத்தில் அது நிகழ்ந்தது. அதன்பின் வளையம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விரிந்து 2032-ஐ ஒட்டி மிக அகன்று தோன்றும். இக்கால மாணவர் பேறுடையவர்.

விண்மீன்கள் எத்தொலைநோக்கியிலும் புள்ளிகளாகவே தோன்றும். அவற்றைப் பெரிதாகக் காண எண்ணுவோர் ஏமாறுவர். ஆயினும் புள்ளிகளிலும் புதுமை உண்டு. வெறுங்கண்ணுக்கு ஆறாய்த் தோன்றும் கார்த்திகை, கலிலியோவுக்கு முப்பத்தாறு மீன்களாய்க் காட்சி தந்தது. மணமக்களுக்குக் காட்டும் அருந்ததியின் அருகேயுள்ள வசிட்டமீனைச் சிறு தொலைநோக்கியால் நோக்கினால், வசிட்டனே இரு மீன்களாய்ப் பிரிந்து நிற்பான். மாசி பங்குனி மாலைகளில் திருவாதிரையை உள்ளடக்கிய வேட்டுவ மீன்கூட்டத்தின் இடைவாரிலிருந்து தொங்கும் வாளை நோக்கினால், மீன்கள் பிறக்கும் ஒளிமுகில் ஒன்று மங்கிய சாம்பல் நிறப் பஞ்சுபோல் தெரியும். அதன் நடுவே நான்கு சிறு மீன்கள் நெருங்கி மின்னும். பெட்டியின்மேல் கண்ட செந்நிறம் அங்கே இராது. நிறமுணரக் கண்ணுக்கு அவ்வொளி போதாது. இலண்டன் நகரத்தார்க்கு ஒருநாளும் உதியாத பெருமீன்திரள் ஒன்று சித்திரை வைகாசி இரவுகளில் தமிழ்நாட்டின் தென்வானில் ஏறி நிற்கும். ஒமேகா சென்டாரி எனப்படும் அத்திரளில் பல இலக்கம் மீன்கள் உண்டு. அகன்ற வாயுடைய கருவியில் அது கொட்டிய கற்கண்டுத் தூள்போல் காட்சியளிக்கும்.

கருவியைப் பேணுதல் எளிது. வில்லையை அடிக்கடி துடைப்போர் அதனைக் கீறிக் கெடுப்பர். சிறு தூசு காட்சியைக் கெடுக்காது. ஈரமே பெரும்பகை. மழைக்காலத்தில் வில்லையின்மேல் பூஞ்சணம் படர்ந்தால் நீக்குதல் அரிது. ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட பெட்டியில் மூடி வைப்பின் நெடுநாள் உழைக்கும்.

தொலைநோக்கியோடு ஒரு குறிப்பேடும் உடனிருத்தல் வேண்டும். வியாழன் இரவில் உயர்ந்து நிற்கும் மாதங்களில் அதன் பயன் தெரியும். 1610 சனவரி 7 ஆம் நாள் கலிலியோ வியாழனின் கிழக்கே இரண்டும் மேற்கே ஒன்றுமாக மூன்று சிறு மீன்களைக் கண்டு, தாளில் ஒரு வட்டமும் மூன்று புள்ளிகளும் வரைந்தார். மறுநாள் மூன்றும் மேற்கே நின்றன. ஒன்பதாம் நாள் முகில் மறைத்தது. பத்தாம் நாள் இரண்டே தெரிந்தன. அவையும் கிழக்கே இருந்தன. பதின்மூன்றாம் நாள் நான்காவதும் வெளிப்பட்டது. வரைந்து வையாதிருந்தால், இடம் மாறியதை அவரும் அறிந்திரார். மாணவனும் நாள்தோறும் ஒரே வேளையில் நோக்கி, வட்டத்தின் இருபுறமும் புள்ளிகளைக் குறித்து, நாளும் நேரமும் எழுதி வருக. மிக உள்ளே சுற்றுவது ஒன்றேமுக்கால் நாளில் ஒரு சுற்று முடிப்பதால் இரவுக்கிரவு தாவித் தோன்றும். மிக வெளியே சுற்றுவது மெல்ல விலகிச் சென்று, மெல்ல மீளும். முகில் இடையிடையே சில இரவுகளைக் கவர்ந்தாலும், பதினேழாம் நாள் ஏட்டைப் புரட்டினால் அவ்வெளித்திங்கள் முதல்நாள் நின்ற இடத்திற்கே வந்திருப்பது புலனாகும்.